கருத்தைச் சொன்னபின் கையை இறக்கலாம்

கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்து, வெயிலில் நடந்து வீடு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஆதிமூலத்துக்குத் தன் வலது கை இன்னும் தலைக்கு மேலேயே நிற்பது தெரிந்தது. அவர் இறக்கப் பார்த்தார், அது இறங்கவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. வலிக்கவும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. கூட்டத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது எப்படி நின்றதோ அப்படியே, விரல்கள் விரிந்து, உள்ளங்கை முன்னால் பார்க்க நின்றது. உள்ளே நுழைகையில் வாசல் நிலையில் விரல்கள் இடித்துக்கொண்டன. அடுக்களையில் அவர் மனைவி பகவதி ஒரு கையை மேலே வைத்துக்கொண்டு மறு கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்குமா?" என்று கேட்டாள், குழாயில் தண்ணீர் வராத நாளில் பக்கத்து வீட்டில் கேட்பதுபோல.

ஆவரங்குறிச்சி மேலத்தெருவில் அன்று சாயங்காலம் கை இறங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. ரைஸ்மில் கோமதிநாயகம் ஒரு கையை மேலே வைத்துக்கொண்டே மில்லைப் பூட்டினார், பால்காரி ஒரு கையை மேலே வைத்துக்கொண்டே பால் கறந்தாள். ஆதிமூலத்தின் அப்பா பிச்சையா, எண்பதைத் தாண்டிய மனுஷன், எழுந்து நடக்க முடியாதவரை நாற்காலியோடு தூக்கிப்போய்க் கூட்டத்தில் உட்கார வைத்திருந்தார்கள், அவரும் கட்டிலில் படுத்தவாக்கில் மேற்கூரையைத் தொடப்போகிறவர் மாதிரி ஒரு கையை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. எப்படி ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பேரூராட்சி ஒரு தகன மேடை கட்டப் பார்த்தது. எரிவாயுவில் எரிவது, உயரமான குழாய் வைத்தது, ஊர் முழுவதுக்கும் ஒன்று. அதுவரை மேலத்தெருவுக்கு வாய்க்கால் கரையில் தகரக் கொட்டகை போட்ட சுடுகாடு இருந்தது, காலனிக்கு முள்வேலிக்கு அந்தப்பக்கம் வழியே இல்லாத ஒரு திடல் இருந்தது, மழைக்காலத்தில் காலனிக்காரர்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு வயல் தண்ணீரில் நடந்துபோவதை மேலத்தெரு மாடிகளிலிருந்து பார்க்கலாம், பார்த்துமிருக்கிறார்கள். திட்டம் பற்றிப் பொதுமக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும், அனைவரும் வருக என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் மேலத்தெருக்காரர்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். தெருக் கமிட்டிக்குச் செயலாளர் ஆதிமூலம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தலும் நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுகிற கடைக்காரர் என்பதால் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து பேசுகிற உரிமை அவருக்கு இருந்தது. அவர்தான் வழி சொன்னார்.

"ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா எதையாவது உளறுவீங்க, கேசு வரும். கையத் தூக்குனா எந்தச் சட்டத்துலயும் கேசு கெடையாது. நான் தோளுத் துண்ட எடுத்து மடில போடுவேன், உடனே எல்லாரும் தூக்குங்க. எதுக்குன்னு கேட்டா சும்மா இருங்க. ரொம்ப வற்புறுத்துனா பொகைன்னு சொல்லுங்க."

"பொகையே வராதுங்காங்களே அண்ணாச்சி?"

"வராட்டா என்னவே, வந்துரும்னு பயம். பயப்பட நமக்கு உரிமை இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்காகக் கை தூக்கப்போகிறோம் என்று அந்த மண்டபத்தில்கூட ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை ஆதிமூலம் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தார். சொல்லத் தேவையே இருக்கவில்லை. தெருவில் நடக்கும்போது மூச்சு விடுகிறோம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லையே, அதுபோல.

சமுதாயக் கூடத்தில் ஆதிமூலம் கடைச் சிவப்பு நாற்காலிகள்தான் போட்டிருந்தார்கள். முன் வரிசைகளில் மேலத்தெரு. கடைசி வரிசைகளில் காலனிக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் தபால்காரர் செல்லக்கண்ணு. ஆதிமூலமும் அவரும் எட்டாம் வகுப்பு வரை ஒரே வகுப்பு, பிறகு ஆயுசு முழுக்க இவர் வீட்டு வாசலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி "அண்ணாச்சி, தபால்" என்று கூப்பிட்டவர். செயல் அலுவலர் சுகந்தி வடக்கே ஏதோ மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைக்கிற பெண். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எதிர்ப்பு இருக்கிறவங்க கை தூக்கலாம். ஒவ்வொருத்தரா கூப்பிடுறேன். கருத்தைச் சொன்னபின் கையை இறக்கலாம்."

ஆதிமூலம் துண்டை எடுத்து மடியில் போட்டார். கைகள் கரும்புக்காடு மாதிரி எழுந்தன. அந்தப் பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், ஒவ்வொருவரும் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள், கடைசியில் எல்லோரும் ஜெயித்தவர்கள் மாதிரி ஊர்வலமாக, கையைத் தூக்கியபடியே வெளியே வந்தார்கள். பின் வரிசைக்காரர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் ஆதரவு என்று சுகந்தி தானே குறித்துக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது.

பிறகு மேலத்தெரு தூக்கிய கையோடு வாழப் பழகியது, மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை. டெய்லர் சட்டைகளின் தோள்பட்டையைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தான், பெண்களின் ரவிக்கைக்குக் கக்கத்திலிருந்து கொக்கி வைத்தான், வீட்டு நிலைகளில் தலை இடிக்காமல் குனிந்த ஜனம் இப்போது கையும் இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நுழைந்தது, மழை வந்தால் அந்தக் கையிலேயே குடையைச் செருகிக்கொண்டு நடந்தது, மழை இல்லாத நாளில் காக்காய் வந்து உட்கார்ந்தால் விரட்டியது. மேலத்தெரு பிரியும் விலக்கில் ஒருநாளும் நிற்காத டவுன்பஸ் இப்போது ஆளைக் கண்ட இடத்திலெல்லாம் நின்றது, நின்று, யாரும் ஏறாததைக் கண்டு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறலேன்னா எதுக்குவே கையக் காட்டுதீரு?" என்று வைதுவிட்டுப் போனான். கோயிலில் கும்பிட இரண்டு கை சேரவில்லை. ஒற்றைக் கையைத் தூக்கி நிற்கிறவர்களை அம்மனும் எதிர்ப்பு சொல்ல வந்தவர்கள் என்றுதான் நினைத்திருப்பாள்.

சோறுதான் கஷ்டம். வலது கை மேலே நின்றதால் இடது கையால் உண்ண வேண்டியிருந்தது. காலையில் கொல்லைக்குப் போய்க் கழுவிய அதே கையால் மத்தியானம் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைய வேண்டியிருந்தது. யார் வீட்டில் எந்த டம்ளர், யாருக்கு எந்த வாசல் என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பிரித்து வைத்த ஜனம், தன் உடம்பிலேயே அந்தப் பிரிவினை கலைந்துபோனதை முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்கியது. கோமதிநாயகம் மட்டும் அந்தக் கையால் உண்ணமாட்டேன் என்று சாதித்து, மருமகள் ஊட்டிவிட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், அவளும் ஊட்டினாள், இரண்டு பேர் முகத்திலும் வெறுப்பு.

காலனிப் பக்கத்து டீக்கடையைத் தாண்டும்போது குரல் வரும்.

"என்ன அண்ணாச்சி, பஸ்ஸு இன்னும் வரலியா?"

"சிரிக்காதீங்கல. உங்களாலதான் இது."

"எங்களாலயா? நாங்க வாயே தொறக்கலியே!"

ஆதிமூலம் நடையைக் கூட்டினார்.

கை மேலே இருக்கும்வரை கூட்டம் முடியவில்லை என்றுதான் பொருள், விதி அப்படித்தான் என்று சுகந்தி சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் சமுதாயக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்காலிகளைத் திருப்பி எடுக்க முடியாமல் ஆதிமூலம் அந்த ஆவணியில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் ஜமக்காளம் விரித்தார். மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள், கை இறங்கினால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு.

"பொகை வரும்."

"வராதுங்க ஐயா."

"அப்ப சாம்பல் பறக்கும்."

"பறக்காதுங்க. உள்ளேயே விழுந்துடும்."

"அப்ப அந்த மெஷினு சத்தம். பிள்ளைக படிக்கணுமில்லா?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கை ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. மூச்சிரைப்பு என்றார்கள், நிலத்தடி நீர் என்றார்கள், குழந்தைகள் பயப்படும் என்றார்கள், ஒரு படித்த பையன் சுற்றுச்சூழல் என்று சொன்னபோது கை லேசாக அசைந்தது என்று ஒரு பேச்சு கிளம்பி, மறுவாரம் எல்லோரும் சுற்றுச்சூழல் என்று சொல்லிப் பார்த்து ஏமாந்தார்கள். காலனிக்காரர்கள் செவ்வாய்தோறும் வேலை முடிந்து வந்து பின்னால் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார்கள். அவர்களை விரட்ட வழியில்லை. பொதுக்கூட்டம் அது.

பகவதி போனது ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு செவ்வாயில். அவள் ஆதிமூலத்திடம் சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்றாள், முறை வந்ததும் ஒலிவாங்கி இருக்கிற பக்கம் வாயைக் கொண்டுபோனாள்.

"பொகையும் இல்ல, சாம்பலும் இல்ல மேடம். காலனிக்காரங்களப் போட்ட எடத்துல எங்களப் போடக்கூடாது, அதான். கோயில்ல கூடிப் பேசி வச்சுத்தான் கை தூக்குனோம்."

அவள் கை, காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கிற மாதிரி, சாதாரணமாக இறங்கியது. அவள் முழங்கையை இரண்டு தடவை தடவிவிட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அன்றைக்குப் பின் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. செல்லக்கண்ணு குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நாற்காலிக்கடியில் வைத்தார்.

ஆதிமூலம் வீட்டுக்கு வந்தபோது அவள் இரண்டு கையாலும் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தெருவக் காட்டிக் குடுத்துட்டியேட்டி!"

"எனக்குத் தாளிக்கணும், கோலம் போடணும், தலை சீவணும். ஒரு கைய வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு?"

"அதுக்கு? அவனுக மூஞ்சிக்கு நேராவா சொல்லுவ?"

"நான் சொன்னது பொய்யா?"

அவர் செருப்பைத் தேடி வாசலுக்குத் திரும்பினார்.

"சொல்லுங்க. பொய்யின்னா நாளைக்கே போயி மன்னிப்புக் கேக்கேன்."

கேசு வரும் என்று அவர் பயந்தார். கேசு வரவில்லை. வந்தது வேறு. மறுநாள் விடியும்போது வாசலில் அவள் போட்ட கோலத்தின்மேல் யாரோ சாணித் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். பால்காரி இந்த வீட்டைத் தாண்டிப் போனாள். கோயிலுக்குப் பூக் கட்டப் பகவதியைக் கூப்பிடுவது நின்றது. ஆதிமூலம் அவள் சமைத்ததைச் சாப்பிடாமல் ஹோட்டலில் போய் இடது கையால் பரோட்டாவைப் பிய்த்தார். அவள் மேல் அத்தனை கோபம் எதற்கு என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். அவள் சொன்னது ஊருக்கே தெரியும், காலனிக்கும் தெரியும், அப்படியானால் அவள் புதிதாக எதைத்தான் வெளியே கொண்டுவந்துவிட்டாள்? யோசிக்க யோசிக்கக் கோபம் கூடத்தான் செய்தது.

அவளுக்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒலிவாங்கியை அணைக்கச் சொன்னார்கள். ஒரு மளிகைக்காரர் பின் வரிசையைக் காலிபண்ணினால்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்து, அவர்கள் எழுந்து வெளியே போனதும் அதிகாரியின் காதுக்குள் சொன்னார், கை அப்படியே நின்றது. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்ன பிறகே இறங்கியது. இப்படி மேலத்தெரு இரண்டாகப் பிளந்தது. கை இறங்கியவர்கள் துரோகிகள், கை நின்றவர்கள் மானஸ்தர்கள். நிச்சயித்த கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் மாமனாருக்குக் கை இறங்கிவிட்டது என்பதற்காக நின்றுபோனது. அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. மானஸ்தர்களுக்குத் தலைவர் ஆதிமூலம். அவர் நடந்துபோனால் அவருடைய கையைப் பார்த்து மற்ற கைக்காரர்கள் தலையசைத்தார்கள்.

இந்த நிலையில்தான் ரைஸ்மில் கோமதிநாயகம் மாரடைத்துச் செத்தார், கையைத் தூக்கியபடியே.

ஆதிமூலம் கடை ஐஸ்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். உடம்பை உள்ளே கிடத்தினார்கள், மூடி சாத்தவில்லை. கண்ணாடி மூடிக்கு வெளியே கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும், ஒன்று மேலே இருந்தது, ஒன்று கீழே இருந்தது. அழ வந்த பெண்கள் அந்தக் கையைப் பார்த்ததும் எதையோ கேட்கக் கூப்பிடுகிறாரோ என்று ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்தினார்கள். பாடையில் கொண்டுபோகும்போது தெருமுனையில் டவுன்பஸ் நின்றது.

வாய்க்கால் கரைக் கொட்டகையில், விறகும் வறட்டியும் அடுக்கி, பழைய முறைப்படி, மேலத்தெருவுக்கே உரிய நெருப்பில்தான் எரித்தார்கள். மறுநாள் பால் தெளிக்கப் போனபோது கோமதிநாயகம் முழுக்கச் சாம்பலாகியிருந்தார், கை மட்டும், முழங்கையிலிருந்து விரல்வரை, வெந்துபோகாமல் சாம்பலில் நட்டமாக நின்றது. மகன் சுடுகாட்டில் வேலை பார்க்கிறவரைப் பார்த்தான்.

"எரிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன் ஐயா," என்றார் அவர். "எரிஞ்ச பெறகும் பேச வேண்டியது இருந்தா அதுக்கு நான் என்ன செய்ய?"

தோண்டினார்கள், வரவில்லை. மண்ணைப் போட்டு மூடினார்கள், மழையில் மண் கரைந்து மறுபடி தெரிந்தது. ஆடுகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டன. முள்வேலிக்கு அந்தப்பக்கம் காலனித் திடலிலிருந்து பார்த்தாலும் அது தெரிந்தது.

பிச்சையாவுக்கு இதை யாரோ சொல்லிவிட்டார்கள். கார்த்திகையில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மகனைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"எல, என்னைய ரெண்டு கையும் சேந்துதான் அனுப்பணும்."

"சரிப்பா."

"அந்த மில்லுக்காரன் மாதிரி ஆடு வந்து ஒரசுற மாதிரி நிக்கமாட்டேன், பாத்துக்க. கட்டவெரல் கட்டணும். நெஞ்சுல வச்சுக் கட்டணும்."

"அதுக்கு நீங்க போயி சொல்லணும்ப்பா."

"என்னத்தச் சொல்ல?"

ஆதிமூலம் சொல்லவில்லை. பகவதி, மாமனாருக்குக் கஞ்சி கொண்டுவந்தவள், சொன்னாள். கிழவர் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப்பக்கம் பார்த்தபடியே, "அத எப்பிடி அவனுக முன்னால வாயால சொல்ல?" என்றார், நிஜமாகவே கூச்சப்பட்ட குரலில். "அந்தத் தபால்காரன் அப்பன் நம்ம வயல்லதான் கெடந்தான். ஆயுசுக்கும் அவன வெளிய நிக்க வச்சுத்தான் கஞ்சி ஊத்திருக்கு. ஆனா ஒருநாளாவது, உன்ன இதுக்குத்தான் வெளிய நிக்க வச்சிருக்கேன்னு நான் சொன்னதுண்டா? மரியாதி கெட்ட பேச்சில்லா அது!"

ஆதிமூலம் அன்றைக்கு வெகுநேரம் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். செய்ய முடிந்தது, சொல்ல முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை நடுங்காமல் செய்ததை ஒரே ஒரு தடவை நாக்கில் வைக்கக் கூசுகிறது. அப்படியானால் அந்தக் கூச்சம் இத்தனை நாளும் எங்கே இருந்தது? அது நல்லதா கெட்டதா? அதையும் அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: அப்பா கையைத் தூக்கிக்கொண்டு செத்தால், நாற்காலியோடு தூக்கிப்போய் அந்தக் கையைத் தூக்கவைத்தவன் தான்தான் என்பதை அவர் எந்தச் சாம்பலிலும் கரைக்க முடியாது.

அடுத்த செவ்வாய் நல்ல மழை. நாற்காலியில் உட்கார வைத்து, மேலே தார்ப்பாயைப் பிடித்து, ஆதிமூலமும் கடை ஆட்களுமாகப் பிச்சையாவைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. மானஸ்தர்கள், இறங்கப்போகிற தலைவனைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். "இவரு சொல்லித்தானவே நாம தூக்குனோம்," என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். கூடத்துக்குள் முன் வரிசைகள் நிறைந்தன, பின் வரிசைகளும் நிறைந்தன. தலையைத் துவட்டிக்கொண்டு செல்லக்கண்ணு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

ஆதிமூலம் முதலில் தான் சொன்னார். ஒலிவாங்கி முன்னால் நின்று, தரையைப் பார்த்து, பகவதி சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னார், ஏனென்றால் அவருக்கென்று வேறு வார்த்தைகள் கிடைக்கவில்லை. பிறகு, "நான்தான் துண்ட எடுத்து மடில போட்டேன்," என்று சேர்த்துக்கொண்டார். கை இறங்கியது. இத்தனை மாதத்துக்குப் பிறகு தோளில் ரத்தம் பாய்ந்து, கை எறும்பு மொய்த்ததுபோல் குறுகுறுத்தது.

"ஐயா, நீங்க?" என்றார் சுகந்தி, கிழவரிடம். ஒலிவாங்கியை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

பிச்சையா மூச்சு வாங்கினார். கூடம் காத்திருந்தது. அவர் வருத்தப்படுவார், அழுவார், சாகிற காலத்தில் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று சிலர் நினைத்தார்கள். ஆதிமூலமும் கொஞ்சம் நினைத்தார்.

"ஆமா," என்றார் கிழவர். கூச்சம் போன இடத்தில் பழைய அதட்டல் வந்து உட்கார்ந்துகொண்டது. "அவனுக நமக்குச் சமம் இல்ல. உசுரோட இருக்கும்போதும் இல்ல, செத்த பெறகும் இல்ல. அவனுக வெந்த அடுப்புல நான் வேகமாட்டேன். போதுமா? எழுதிக்கம்மா."

அவர் கை இறங்கியது.

முன் வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மனம் மாற வேண்டியதில்லை, திருந்த வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் அப்போது விளங்கியது. மிச்சமிருந்த மானஸ்தர்கள் இருந்த இடத்திலேயே ஆமா ஆமா என்றார்கள், பின்னால் திரும்பிப் பார்த்தே சொன்னார்கள், ஒருவர் தன் பாட்டனார் காலத்து வசவு ஒன்றையும் சேர்த்துச் சொன்னார், கைகள் சடசடவென்று இறங்கின. இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று யாரோ சொல்ல, சிரிப்புகூட எழுந்தது. பிச்சையா தன் இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்து, கட்டைவிரல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துக்கொண்டார்.

சுகந்தி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இன்னையோட கூட்டம் முடிஞ்சதுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

செல்லக்கண்ணு கை தூக்கியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவர் தங்கை தூக்கியிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், பக்கத்தில், கதவோரம் நனைந்துகொண்டு நின்றவர்கள் வரை, கைகள்.

"நீங்க ஆதரவுன்னுதானே குறிச்சிருக்கு?" என்றார் சுகந்தி.

"யாரு கேட்டா மேடம்?" என்றாள் தங்கை.

செல்லக்கண்ணு எழுந்தார். ஒலிவாங்கிக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பேசினார், தபால்காரரின் குரல் அது, தெருக்கோடி வரை எட்டும்.

"ஆதிமூலம்," என்றார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாயில் அந்தப் பெயர், அண்ணாச்சி இல்லாமல், வந்தது. "எங்க அம்மாவ வயக்காட்டுத் தண்ணில, பாடைய தலைக்கு மேல தூக்கிட்டுப் போனோம். நீ மாடில நின்னு பாத்த. எங்களுக்குப் பாதை வேணும், கொட்டகை வேணும், நல்லபடியா எரிக்க ஒரு எடம் வேணும். உங்ககூட வேணும்னு நாங்க எப்பக் கேட்டோம்? இத்தன வாரமா இங்க உக்காந்து கேட்டோம், நீங்க எங்களப் பத்தி என்ன நெனைக்கியன்னு. உங்ககூட ஒரே மேடைல படுக்க எங்களுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த, இந்த ஊர்ல, யாராவது கேட்டியளா?"

சுகந்தி எழுதுவதை நிறுத்தினார்.

"சம்மதம் இல்ல," என்றார் செல்லக்கண்ணு. "இப்ப அந்தப் பெரியவரு பேசுனாரே, அந்த வாய எரிச்ச சூட்டுல எங்க அம்மா மாதிரி ஒரு மனுஷியப் படுக்க வைக்க எங்களுக்கு மனசு ஒப்பல. இன்னும் இருக்கு, சொல்லுதேன்."

பிச்சையாவின் தலை ஆடியது. காது சரியாகக் கேட்காத மனுஷனுக்கு அது மட்டும் கேட்டுவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. எண்பது வருஷ வாழ்க்கையில் அவருக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது.

"என்னல சொல்லுதான் அவன்? என்கூட எரிய மாட்டானாமா? அவனா?" கிழவர் மடியிலிருந்த கையைத் தூக்கப் பார்த்தார். விரல்கள் அசைந்தன, கை எழவில்லை. மறுபடி பார்த்தார். மாதக்கணக்கில் மேலே நின்ற கை இப்போது வாடிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தது. "எல ஆதி. கையத் தூக்கி விடுல. எனக்குப் பேசணும். தூக்கி விடு."

ஆதிமூலம் நாற்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார். அது கனமில்லாமல் இருந்தது, ஒரு இழுப்பில் தூக்கிவிடலாம், தெருவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உடம்பில் பாதி தூக்கத்தான் சொன்னது. செல்லக்கண்ணுவின் வார்த்தை அவர் நெஞ்சிலும் அடித்திருந்தது. அடி பட்ட இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் அது எரிந்தது.

"தூக்குல!" கிழவர் உறுமினார்.

ஆதிமூலம் அந்தக் கையை மடியிலேயே வைத்து, மேலே தன் கையால் அழுத்திக்கொண்டார்.

"இருங்கப்பா," என்றார். "அவரு பேசி முடிக்கட்டும்."